சென்னை வீட்டில் முதல் மீன் தொட்டி: மீனுக்கு முன்னால் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனால் கண்ணாடித் தொட்டி, மோட்டார், கல், பிளாஸ்டிக் செடி, ஐந்து ஜோடி கலர் மீன் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்துவிடலாம். சாயங்காலத்துக்குள் கூடத்தில் தொட்டி ஜொலிக்கும். புதன் அல்லது வியாழக்கிழமை முதல் மீன் மிதக்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். எட்டு மீனில் ஏழு, பத்து நாளுக்குள் போய்விட்டன. கடைக்காரர் கெட்ட மீனைத் தந்துவிட்டார் என்று அப்போது நினைத்தேன். அவர் தந்தது நல்ல மீன்தான். மீன் வாழத் தயாராகாத தண்ணீரில் அதை விட்டது என் தவறு. புதிதாகத் தொட்டி வைக்கப்போகும் யாரிடமும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தொட்டியை இன்று வாங்குங்கள், மீனை ஒரு மாதம் கழித்து வாங்குங்கள். கீழே சொல்லும் படிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன.

தொட்டியும் அதன் இடமும்

மேசை மேல் வைக்கும் வட்டக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் கழிவு சீக்கிரம் சேரும், சூடும் சீக்கிரம் ஏறும். புதியவருக்குப் பெரிய தொட்டிதான் சுலபம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி நல்ல தொடக்கம். அது முழுக்க 56 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 47 லிட்டர். கல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் 70 கிலோவைத் தொடும், அதாவது ஓர் ஆளின் எடை. அதனால் கம்ப்யூட்டர் மேசை, டிவி ஸ்டாண்டு எதுவும் சரிப்படாது. இரும்பு ஸ்டாண்டு வாங்கி, மட்டம் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் ஒன்று போடுங்கள். தரை சற்றுச் சாய்ந்திருந்தாலும் எடை ஒரே மூலையில் இறங்கிக் கண்ணாடி விரிசல் விடாமல் அது தாங்கும்.

நேர் வெயில் விழும் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், தண்ணீர் பச்சையாகிவிடும். பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஊதுவத்திப் புகையையும் சாம்பிராணிப் புகையையும் ஏர் பம்ப் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். இதைவிடப் பெரிய ஆபத்து கொசு மருந்து. லிக்விட், மேட், ஸ்பிரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. நமக்கு அதிகம் கெடுதல் செய்யாத அளவே மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் கொசு வலை கட்டிக்கொள்வதுதான் நல்லது.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி, பம்ப்பையும் பிளக்கையும் நனைத்துவிடும். குழாயின் நடுவே போட ஒரு சின்ன வால்வு விற்கிறார்கள், அதையும் வாங்கிப் போடுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் பிளக்கைவிடக் கீழே தொங்கி மேலேறட்டும். ஒயரில் வழியும் சொட்டு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணைக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

ஃபில்டரில் புதியவருக்கு என் சிபாரிசு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். விலை குறைவு, கெட்டுப்போக ஒன்றும் இல்லை, குட்டி மீனை உறிஞ்சாது. தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியா தங்கவும் நிறைய இடம் தரும். அடியில் ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் கல் போட ஏறக்குறைய 10 கிலோ தேவைப்படும். சாயம் போட்ட கல்லைவிட ஆற்றுக் கூழாங்கல் நல்லது. சந்தேகமாக இருந்தால் ஒரு கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

உங்கள் வீட்டுக் குழாயில் வருவது என்ன தண்ணீர்?

சென்னையில் மீன் வளர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறுகிறது. பெரம்பூரில் நாங்கள் இருந்தபோது மெட்ரோ வாட்டரில் நன்றாக வளர்ந்த டெட்ரா மீன்கள், மடிப்பாக்கத்துக்கு வந்து போர் தண்ணீரில் விட்டதும் ஒவ்வொன்றாக மெலிந்து போயின. வீடு மாறியபோது தண்ணீரும் மாறியதை நான் யோசிக்கவில்லை.

மெட்ரோ வாட்டர் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி போன்ற ஏரிகளிலிருந்தும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளிலிருந்தும் வருகிறது. பெரும்பாலும் அது மீனுக்கு ஏற்ற தண்ணீர்தான். ஆனால் கிருமி சாக அதில் குளோரின் கலக்கிறார்கள். குளோரின் மீனின் செவுளைப் பொசுக்கும், ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) போட்டு ஒரு நாள் முழுக்க வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் கிடைக்கும். அதில் இருப்பது சோடியம் தயோசல்பேட். படிகமாகக் கிடைத்தால் ஒரு வாளிக்கு அரிசி அளவில் நாலைந்து போதும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்ப்பையும் மேல்தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் குழாயில் குளோரின் பல மடங்கு ஏறியிருக்கும். அந்த வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப் போடுங்கள். கழுவும் தேதியை அசோசியேஷனில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை, உப்பும் கடினத்தன்மையும்தான் தொல்லை. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினால் போதும், குழப்பம் பாதி தீரும். 200 முதல் 500 வரை இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குச் சரி. 1,000-ஐ நெருங்கினாலும் மோலி வகை தாங்கும். அதற்கும் மேலே போனால் ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டியதுதான். 1,200 காட்டும் போர் தண்ணீரில் சரிபாதி ஆர்.ஓ. சேர்த்தால் 600 சொச்சத்துக்கு இறங்கும்.

அப்படியானால் முழுக்கவே கேன் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் தாது உப்பு மிகக் குறைவு. தண்ணீரின் பி.எச்.சை, அதாவது அமில, கார அளவை, நிலையாகப் பிடித்து வைப்பது அந்த உப்புகள்தான். அவை இல்லாத தொட்டியில் பி.எச். திடீரென்று சரியும்.

மீன் இல்லாத ஒரு மாதம்

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை விடுகிறது. மீந்த தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. ஏரியில் அது கரைந்து பரவிவிடும். 47 லிட்டரில் அது போக இடம் இல்லை. அங்கே மீனைக் காப்பாற்றுவது இரண்டு வகை பாக்டீரியா. ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது. இரண்டாவது வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் பொறுத்துக்கொள்ளும், வாராவாரம் தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துவிடலாம்.

இந்தப் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் புதுத் தண்ணீரில் மீன் செத்துப் போவதற்கு இந்தப் பாக்டீரியா அங்கே இல்லாததுதான் காரணம். அம்மோனியாவுக்கு நிறம் இல்லை.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் தேவை. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. தண்ணீர் சூடானாலும் அது கூடும். நம் ஊரில் பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பெங்களூரில் இருக்கும் உறவினர் முதல் நாளே மீன் விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் அதை இங்கே செய்து பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தொட்டியை நிரப்பி, குளோரின் போக்கி, ஃபில்டரை இரவு பகலாக ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் வாங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறும், இறங்குவதற்கு நேரம் எடுக்கும். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். தீனி போட்டுக்கொண்டே இருந்தும் ஒரு வாரம் தொடர்ந்து இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

இந்த மாதத்தைச் சுருக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. ஆரோக்கியமான மீன் வளர்க்கும் நண்பர் வீட்டிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி எடுத்து வந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். காய விடாதீர்கள். இரண்டு வாரத்தில்கூட வேலை முடியலாம், டெஸ்ட் கிட் சொல்வதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், மீன் இல்லாத தொட்டி கொசு முட்டையிட ஏற்ற இடம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் பெரும்பாலும் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் புழு கொசுவாகிவிடும். ஏர் பம்ப்பை நிறுத்தாமல், மேலே நைலான் வலை கட்டி வையுங்கள்.

செடியையும் இந்த மாதத்திலேயே வைத்துவிடலாம். வேலம்பாசி நம் ஊர்ச் சூட்டுக்குப் பழகியது, அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் தானே உறிஞ்சும். ஜாவா மோஸும் அனுபியாஸும் குறைந்த வெளிச்சத்திலும் வாழும். மணி பிளான்ட் கொடி ஒன்றை வேர் மட்டும் தண்ணீரில் இறங்கும்படி தொட்டி ஓரத்தில் தொங்க விட்டால் நைட்ரேட் கணிசமாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும்.

எந்த மீன்?

சென்னைத் தண்ணீரில் தொடங்க கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில். நான்கும் கடினத் தண்ணீரை விரும்புபவை, சூட்டையும் ஓரளவு தாங்கும். முட்டையிடாமல் குட்டி போடும் வகை. கடையில் ஜோடி ஜோடியாகத்தான் தருவார்கள், ஆனால் ஆண் கப்பியை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரு பெண் கப்பி நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குட்டிகள் போடும். ஆணைப் பிரித்த பிறகும் சில மாதங்கள் போட்டுக்கொண்டே இருக்கும். ஆணுக்குத்தான் நிறமும் விசிறி வாலும்.

முதல் தடவை ஆறு ஆண் கப்பி போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து அம்மோனியா இன்னும் பூஜ்யம் என்றால் நாலு பிளாட்டி சேர்க்கலாம். பாக்டீரியாவின் எண்ணிக்கை இருக்கும் கழிவுக்குத் தகுந்தபடிதான் வளர்ந்திருக்கும். ஒரேயடியாகப் பத்து மீன் கூடினால் அதற்குத் தாங்காது.

ஃபைட்டர் மீன் அழகு, ஆனால் தனியாகத்தான் வைக்க வேண்டும். கடையில் சின்ன டப்பாவில் இருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் பாட்டிலில் வைக்காதீர்கள். அதற்கும் 15, 20 லிட்டராவது வேண்டும்.

கடையில் குட்டியாக இருக்கும்போது ஆசை காட்டும் சில மீன்களை விட்டுவிடுங்கள். ‘ஷார்க்’ என்று விற்கும் வெள்ளி நிறக் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஆஸ்கர் ஓர் அடி வரும். வாஸ்துவுக்கு என்று வாங்கும் அரோவானாவுக்கு மிகப் பெரிய தொட்டி வேண்டும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். நன்றாக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும், ஆனால் கழிவு மிக அதிகம். நியான் டெட்ராவும் குளிர்ந்த, மென்மையான தண்ணீருக்கு உரியது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தரும் சக்கர் மீனும் ஓர் அடிக்கு மேல் வளரும், அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம்.

கடையில் மீனை மட்டும் பார்க்காமல் அது இருக்கும் தொட்டியையும் பாருங்கள். அதே தொட்டியில் ஒன்று செத்துக் கிடந்தாலோ, துடுப்பைச் சுருக்கி மூலையில் நின்றாலோ, தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ மருந்து கலந்திருந்தாலோ அங்கே வாங்காதீர்கள். மீனுக்குத் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மீன் ஓடி வந்து தின்னும்.

வீட்டுக்கு வரும் நாள்

வெயில் ஏறுமுன் காலையில் வாங்குங்கள். வண்டியின் முன் கூடையில் வெயில் படும்படி தொங்க விடாதீர்கள், துணிப் பையில் வைத்துக் கொண்டு வாருங்கள். வந்ததும் தொட்டி விளக்கை அணைத்து, பாக்கெட்டைப் பிரிக்காமல் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு வாயைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் ஒரு தம்ளர் என்று நாலைந்து முறை சேருங்கள். வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பாக்கெட் தண்ணீர் சிங்குக்குப் போகட்டும். அன்று தீனி வேண்டாம்.

தீனி

ஒரு நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கண்ணாடிக்கு வந்து மூக்கை முட்டினால் பசி என்று பொருள் இல்லை, உங்களை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் பாசத்தில் பொரியும் பிஸ்கட்டும் போடுவார்கள். அவர்களுக்கு ஒரு சின்ன டப்பாவில் அன்றைய தீனியை அளந்து கொடுத்துவிடுங்கள், போடுகிற சந்தோஷமும் அவர்களுக்கு இருக்கட்டும். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு பெரும்பாலும் சாக்கடைச் சேற்றில் எடுப்பது. நோயையும் கூட்டி வரும். உறைய வைத்த புழு அல்லது உலர்ந்த தீனியே போதும்.

வாராவாரம் அரை மணி நேரம்

கால் பங்கு தண்ணீர், அதாவது 12 லிட்டர். ஒரு வாளி. சைஃபன் குழாயைக் கல்லுக்குள் விட்டு அடியில் படிந்த கழிவையும் சேர்த்து இழுங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் சூட்டிலேயே இருக்க வேண்டும். நண்பகலில் மேல்தொட்டித் தண்ணீர் கொதிக்கும், அதனால் இரவே பிடித்து வைப்பது நல்லது. எடுத்த அழுக்குத் தண்ணீரைத் துளசிக்கும் மல்லிகைக்கும் ஊற்றுங்கள்.

ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை அந்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் வைத்து வெளுக்கத் தேய்த்தால் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா குளோரினில் செத்து, தொட்டி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். தொட்டியை முழுக்கக் காலி செய்து சோப்பு போட்டுக் கழுவுவதும் அதே காரணத்தால் கூடாது. ஆயுத பூஜைக்கு வீடு கழுவும்போது தொட்டியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கத்திரி, கரண்ட் கட், புயல்

ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் கூடத்துத் தொட்டி 32, 33 டிகிரிக்கு ஏறும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் ஆக்ஸிஜன் கூடுதலாக வேண்டும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். உடனே ஏர் ஸ்டோன் இன்னொன்று போடுங்கள், மேசை ஃபேனைத் தண்ணீர் மேற்பரப்பைத் தடவிப் போகும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள், திடீர் மாற்றம் சூட்டைவிட மோசம்.

ஃபேன் காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். அந்தக் குறைவைப் போர் தண்ணீரால் ஈடுகட்டினால் டி.டி.எஸ். ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர் ஊற்றலாம்.

கரண்ட் கட்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பை வாங்கி வைத்துவிடுங்கள். ஏர் பம்ப் மிகக் குறைந்த மின்சாரம் இழுப்பதால் இன்வெர்ட்டரிலும் போடலாம். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையிலும் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் தீனியை அடியோடு நிறுத்துங்கள். மக்கில் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம். மிக்ஜாமின்போது நானும் என் மகளும் இரண்டு நாள் முறை வைத்து இதைத்தான் செய்தோம். பத்து மீனும் பிழைத்தன.

நோய் வந்தால்

முதலில் மருந்தைத் தேடாமல் டெஸ்ட் கிட்டைத் தேடுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் உடனே பாதித் தண்ணீர் மாற்றுங்கள். பல ‘நோய்’ அதிலேயே தீரும்.

உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தால் அது ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, அடியில் பெருகி, புதிதாக நீந்தி வரும்போதுதான் சாகும். நம் ஊர்ச் சூட்டில் இந்தச் சுழற்சி நாலைந்து நாளில் முடிந்துவிடுவது நமக்கு வசதி. சமையல் கல் உப்பு, அயோடின் சேர்க்காதது, லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கணக்கில் கரைத்து ஒரே நாளில் மூன்று தவணையாகச் சேருங்கள். நம் தொட்டிக்கு மொத்தம் 50 முதல் 90 கிராம். கப்பியும் மோலியும் இதை நன்றாகத் தாங்கும், செடி சற்று வாடலாம். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி உப்பைக் குறையுங்கள். தண்ணீரை நீலமாக்கும் மெத்திலீன் புளூவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், பாக்டீரியாவும் செடியும் பாழாகும். புது மீனை இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நாலைந்து நாள் ஊருக்குப் போனால் தீனி பற்றிக் கவலை வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம்வரை சாப்பிடாமல் இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் மாற்றுங்கள், விளக்கை டைமரில் போடுங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தால், ஏர் பம்ப் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

மீன் பெருத்துவிட்டது, பராமரிக்க நேரமில்லை என்று ஒரு நாள் தோன்றலாம். ஏரியிலோ கோவில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். யாரோ விட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலையில் நம் மீனுக்குப் பதில் அதுவே சிக்கும் நிலை பல இடங்களில் வந்துவிட்டது. அந்த முள் துடுப்பு மீனவர்களின் வலையையும் கிழிக்கிறது. வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பணம் எதிர்பார்க்காமல் கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.